இரத்தம் நின்றால் குடல் எவ்வளவு நேரம் தாங்கும்?

கற்பிட்டியிலோ உடப்பிலோ மீன் வாங்கிப் பழகிய பெண்ணுக்கு ஐசைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. வள்ளம் கரைக்கு வந்து எத்தனை மணி நேரம், மீன் ஐசில் கிடந்ததா வெயிலில் கிடந்ததா என்பதை மீனின் கண்ணையும் வயிற்றையும் பார்த்தே அவள் சொல்லிவிடுவாள். ஒரு மீனில் முதலில் கெடுவது குடல்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். சதை இறுக்கமாக இருக்கும்போதே வயிறு தளர்ந்து வெடித்துவிடும். கருவாடு போடுகிறவர்கள் முதல் வேலையாக வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து எறிவது இதனால்தான்.

மனிதக் குடலும் இதே இயல்புடையது. உடம்பின் மற்ற உறுப்புகள் பொறுத்துக்கொள்ளும் நேரத்தைக் குடல் பொறுத்துக்கொள்ளாது. அதற்குக் காரணமும் ஏறக்குறைய மீனில் உள்ளதுதான். உணவைக் கரைக்கும் சாறுகளும் கோடிக்கணக்கான பற்றீரியாக்களும் குடலுக்குள்ளேயே இருக்கின்றன. குடலின் உட்தோல் உயிரோடு இருக்கும் வரை அவற்றை உள்ளே அடக்கி வைத்திருக்கும். உட்தோல் செத்தால் சாறு குடலையே அரிக்கத் தொடங்கும்; பற்றீரியாக்கள் இரத்தத்துக்குள் புகுந்துவிடும்.

இப்படிப்பட்ட ஓர் உறுப்பை ஒருவரின் உடலிலிருந்து எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், இன்னொருவரின் உடலில் பொருத்தி உயிர்ப்பிக்கிறார்கள் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். சிறுநீரகம் மாற்றுவதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இலங்கையில் அது 1985ஆம் ஆண்டிலிருந்தே நடக்கிறது. 2017இல் கண்டி வைத்தியசாலையில் இருதயமும் மாற்றினார்கள். குடலை மாற்றுவது அவ்வளவு பேசப்படாத விடயம். ஆயினும் அந்தக் குடலைக் காப்பாற்ற வைத்தியர்கள் கற்றுக்கொண்ட பாடங்களில் சில, எங்கள் வீட்டில் நள்ளிரவில் வரும் வயிற்று வலிக்கும் பொருந்துகின்றன. யுத்த காலத்தில் வயிற்றில் காயம்பட்டு சத்திரசிகிச்சை செய்துகொண்ட சகோதரிகளுக்கு அவை இன்னும் அதிகமாகவே பொருந்தும். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறோம்.

குடல் இல்லாமல் போவது எப்படி?

வளர்ந்த ஒருவரின் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீற்றர் நீளம். அதன் மிகப் பெரும் பகுதிக்கு ஒரேயொரு பெரிய நாடிதான் இரத்தம் கொண்டுவருகிறது. அந்த நாடி விசிறி போன்ற ஒரு மெல்லிய சவ்வுக்குள் கிளைகிளையாகப் பிரிந்து குடலைச் சென்றடைகிறது. குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டால் அந்த விசிறியும் சேர்ந்து முறுகும், இரத்தம் நிற்கும். நாடிக்குள் இரத்தம் உறைந்து அடைத்தாலும் இதுவே நடக்கும். ஷெல் துண்டோ துப்பாக்கிக் குண்டோ அந்த இடத்தைக் கிழித்தாலும் இதுவே. செத்த குடலை வெட்டி எடுப்பதைத் தவிர வைத்தியருக்கு வேறு வழியில்லை. பெரும்பகுதி போய்விட்டால் அந்த மனிதர் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் சேராது. உள்ளே போனதெல்லாம் தண்ணீராக வெளியே போய்விடும்.

அப்படிப்பட்டவர்களை நாளத்தின் வழியாகச் சத்துத் திரவம் ஏற்றி வாழவைக்கலாம் என்று 1960களின் கடைசியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்ரான்லி டட்ரிக் என்ற வைத்தியர் காட்டினார். அது பெரிய வரம். ஆனால் ஆண்டுக்கணக்கில் கழுத்து நாளத்தில் குழாயோடு வாழ்வது இலேசல்ல. குழாயில் கிருமி தொற்றும், ஈரல் கெடும், குழாய் போட நாளமே இல்லாமல் போகும். அந்த நிலைக்கு வந்தவர்களுக்குத்தான் குடல் மாற்றம்.

1964இல் அமெரிக்காவின் பொஸ்டனில் முதன்முதலாக மனிதரில் செய்து பார்த்தார்கள், வெற்றி கிடைக்கவில்லை. 1988இல் ஜேர்மனியின் கீல் நகரில் டெல்ற்ஸ் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரியின் குடலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். அது பிடித்தது. அதே ஆண்டில் கனடாவின் லண்டன் நகரில் டேவிட் கிரான்ற் குழுவினர் ஈரலையும் குடலையும் சேர்த்து மாற்றி வெற்றி கண்டார்கள். பிறகு யப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்ட டக்ரோலிமஸ் என்ற மருந்து வந்தது. அந்நிய உறுப்பை உடம்பு எதிர்ப்பதை அது அடக்கியது. அதன்பின் இந்தச் சிகிச்சை பல நாடுகளுக்கும் பரவியது.

எமக்குப் பக்கத்தில் என்றால் சென்னையைச் சொல்ல வேண்டும். அங்குள்ள ரேலா வைத்தியசாலையில் 2021இல் குடலை இழந்த நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு அவனுடைய தந்தையின் சிறுகுடலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். உயிரோடு இருப்பவர் தன் குடலில் ஒன்றரை, இரண்டு மீற்றர் கொடுத்துவிட்டு நன்றாகவே வாழலாம். எங்கிருந்து வெட்டுவது, கொடுப்பவருக்கு எவ்வளவு விட்டுவைப்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

உயிரோடு இருப்பவர் கொடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு சத்திரசிகிச்சைகளையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஒரே நேரத்தில் செய்யலாம். குடல் இரத்தமில்லாமல் காத்திருக்கும் நேரம் மிகவும் குறைகிறது. அந்த நேரம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது.

நுனியிலிருந்து சாகும் குடல்

குடலின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் துவாலையின் நூல்களைப் போல நெருக்கமாக எழுந்து நிற்கும் சின்னஞ்சிறு முளைகள் தெரியும். பள்ளிப் புத்தகத்தில் சடைமுளைகள் என்று படித்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் உயரம். உணவை உறிஞ்சுவது இவைதான். ஒவ்வொரு முளைக்குள்ளும் ஒரு மெல்லிய இரத்தக் குழாய் அடியிலிருந்து நுனிவரை ஏறிப் பின் இறங்குகிறது. ஏறும் குழாயும் இறங்கும் குழாயும் அருகருகே இருப்பதால் ஒட்சிசனில் ஒரு பகுதி நுனிக்குப் போகுமுன்பே குறுக்கே கசிந்து இறங்கும் குழாய்க்குள் போய்விடுகிறது. அதனால் நல்ல நாளிலேயே நுனிக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். கடைசி வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் நின்றதும் முதலில் சாவது இந்த நுனிகள். பின்னர் முளையின் உடல், பின்னர் அடி. 1970இல் சியூ என்ற ஆய்வாளரும் குழுவினரும் இந்தச் சேதத்துக்கு 0 முதல் 5 வரை படிகள் வகுத்தார்கள். இன்றும் ஆய்வுகூடங்களில் அந்தப் படிகளை வைத்துத்தான் குடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. முளைகளின் அடியிலுள்ள குழிகளில் புதிய கலங்களைப் பிறப்பிக்கும் தாய்க் கலங்கள் இருக்கின்றன. குடலின் உட்தோல் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் தன்னை முழுவதும் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. சேதம் அந்தக் குழிகளை எட்டாதவரை உட்தோல் திரும்ப முளைக்கும். எட்டிவிட்டால் முளைக்காது.

திரும்பி வரும் இரத்தமே பகையாவது

இரத்தம் நின்றதால் கெடுகிறது என்றால் இரத்தத்தைத் திரும்பத் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். வைத்தியர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள்.

அமெரிக்காவில் டேல் பார்க்ஸ், நீல் கிரேஞ்சர் என்ற இருவர் பூனைகளின் குடலில் ஒரு பரிசோதனை செய்து 1986இல் வெளியிட்டார்கள். சில பூனைகளில் குடலுக்குப் போகும் இரத்தத்தை நான்கு மணி நேரம் கட்டுப்படுத்தினார்கள். வேறு சிலவற்றில் மூன்று மணி நேரம் கட்டுப்படுத்தி, கடைசி ஒரு மணி நேரம் இரத்தத்தைத் திரும்ப ஓடவிட்டார்கள். எந்தக் குடல் அதிகம் கெட்டிருக்கும்? நான்கு மணி நேரம் பட்டினி கிடந்தது என்றுதானே சொல்வீர்கள். இல்லை. மூன்று மணி நேரம் பட்டினி கிடந்து பிறகு இரத்தம் பெற்ற குடல்தான் மோசமாகக் கெட்டிருந்தது.

சாம்பல் மூடிய தணல் அடங்கிக் கிடக்கும், காற்றடித்தால் பற்றிக்கொள்ளும். இங்கேயும் அதுதான் நடக்கிறது. ஒட்சிசன் இல்லாத நேரத்தில் கலங்கள் தம்மிடமிருந்த சக்திப் பொருளைச் சிதைத்துச் செலவழிக்கின்றன. அந்தச் சிதைவின் கழிவு கலத்துக்குள் தேங்குகிறது. ஒட்சிசன் திடீரென்று திரும்பி வந்ததும் அந்தக் கழிவோடு சேர்ந்து, தொட்டதையெல்லாம் அரிக்கும் ஒருவகை ஒட்சிசன் மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை கலங்களின் சுவரைக் கிழிக்கின்றன. எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஓடிவந்து மேலும் நாசம் செய்கின்றன. இரத்தக் குழாய்கள் கசிகின்றன, குடல் வீங்குகிறது. வீக்கம் மெல்லிய குழாய்களை நசுக்குவதால் பெரிய குழாயில் இரத்தம் ஓடினாலும் சின்னக் குழாய்களுக்குள் போவதில்லை.

இந்த உண்மையின் ஒரு முகத்தை யுத்தம் முன்பே காட்டியிருந்தது. 1940இல் லண்டன் மாநகரில் குண்டு விழுந்து வீடுகள் இடிந்தபோது, மணிக்கணக்காகக் கல்லின் கீழ் கால் நசுங்கிக் கிடந்தவர்களை உயிரோடு மீட்டார்கள். மீட்டபோது தெளிவாகப் பேசியவர்கள், காலுக்கு இரத்தம் திரும்பியதும் சோர்ந்தார்கள். சில நாட்களில் சிறுநீர் நின்று பலர் இறந்தார்கள். எரிக் பைவோட்டர்ஸ் என்ற வைத்தியர் 1941இல் இதை எழுதி வைத்தார். நசுங்கிய தசையில் தேங்கிய நச்சு இரத்தத்தோடு கலந்து சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர் ஏன் இரண்டு நாள் கழித்து இறந்தார் என்ற கேள்வியோடு இன்றும் வாழும் சகோதரிகள் எம்மிடையே உண்டு. மீட்டவர்கள் செய்த பிழை அல்ல அது.

ஐஸ் பெட்டிக்குள் நடப்பது

இனி, எடுத்த குடலை எப்படிக் காக்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதல் காவல் குளிர். குடலை உடம்பிலிருந்து பிரிக்கும்போதே அதன் நாடிக்குள் குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இரத்தத்தை முழுவதும் கழுவி வெளியேற்றுகிறார்கள். குடல் வெளிறிப்போகும். 4 பாகை செல்சியஸ் அளவில் கலத்தின் வேலைகள் வழக்கமானதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பசி குறைந்தால் பட்டினியைக் கூடுதல் நேரம் தாங்கலாம் அல்லவா? ஆனால் மீனைப் போல ஐசின்மேல் நேரே வைக்கமாட்டார்கள். நேரே பட்டால் கலத்துக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து ஊசியாகி கலத்தைக் குத்திக் கிழித்துவிடும். அதனால் திரவத்தில் மூழ்கிய குடலை ஒரு பைக்குள், அதை இன்னொரு பைக்குள் என்று அடுக்கி, அதன் பிறகுதான் ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள். பெட்டி மட்டும் கற்பிட்டி மீன் பெட்டியின் சொந்தக்காரன்தான்.

இந்த இடத்தில் எங்கள் நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தை ஆரம்பித்த வைத்தியர் ஹட்சன் சில்வா, 1964இல் தானமாகக் கிடைத்த கண்களை ஐசோடு ஒரு சாதாரணத் தேநீர்ப் போத்தலில், அதுதான் தேர்மோஸ் பிளாஸ்கில், வைத்து விமானத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார். அன்று தொடங்கி இலங்கையின் கண்கள் உலகின் பல நாடுகளுக்கும் போயிருக்கின்றன. கண்ணின் கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய்களே இல்லை. அதனால் அது குளிரில் நாட்கணக்காகக் காத்திருக்கும். சிறுநீரகம் ஒரு நாள் வரையிலோ அதற்குச் சற்று மேலுமோ தாங்கும். ஈரல் அரை நாள். இருதயம் நான்கு மணி நேரம் அளவில். குடலை ஆறு மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும் என்றே வைத்தியர்கள் பார்க்கிறார்கள். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் போனால் துணிவதில்லை.

இரண்டாவது காவல் அந்தத் திரவம். குளிரில் கலத்தின் சின்னச் சின்னப் பம்புகள் நின்றுபோவதால் தண்ணீர் உள்ளே புகுந்து கலம் ஊதும். அதைத் தடுக்க அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சவுதார்ட் என்ற இருவர் 1980களில் ஒரு திரவத்தைத் தயாரித்தார்கள். கலச் சுவருக்குள் நுழைய முடியாத பெரிய சர்க்கரை மூலக்கூறுகளை அதில் சேர்த்தார்கள்; அவை தண்ணீரை வெளியே பிடித்து வைக்கும். அத்தோடு அலோபியூரினோலும் சேர்த்தார்கள். மூட்டு வீங்கும் கௌட் வருத்தத்துக்கு இங்கே கிளினிக்கில் கொடுக்கும் அதே மருந்துதான். இரத்தம் திரும்பும்போது அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும் நொதியத்தின் கையை அது கட்டிப்போடுகிறது. கௌட் குளிசைக்கு இப்படியொரு வேலை இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

ஆனால் விஸ்கொன்சின் திரவம் முதலில் ஈரலையும் கணையத்தையும் சிறுநீரகத்தையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. குடலுக்கு உள்ளே ஒரு வெளி இருக்கிறது. அந்த வெளியில் சாறும் பற்றீரியாவும் இருக்கின்றன. நாடி வழியாகக் கழுவினால் மட்டும் போதுமா என்று சுவீடனிலும் கனடாவிலும் ஆய்வாளர்கள் கேட்டார்கள். குடலின் உட்புறத்திலும் பாதுகாப்புத் திரவத்தை நிரப்பிப் பார்த்தார்கள். மலக்குடல் பரிசோதனைக்கு முதல்நாள் குடலைக் கழுவக் குடிக்கத் தரும் மருந்திலுள்ள மக்ரோகோல் என்ற பொருளையும், குடற் கலங்கள் விரும்பி உண்ணும் அமினோ அமிலங்களையும் வைத்துப் பல திரவங்களைச் சோதித்தார்கள். விலங்குகளின் குடலில் சடைமுளைகள் மேலும் சில மணி நேரம் சிதையாமல் நின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் நாடிக்குள்ளும் குடலுக்குள்ளும் தனித்தனியே குளிர்ந்த திரவத்தை ஓட்டும் ஒரு சிறிய இயந்திரத்தைச் செய்து சோதித்தார்கள்.

மூன்றாவதாக, இரத்தத்தைத் திரும்ப விடும் கணம். பொருத்தியதும் தடைகளை எடுத்தால் குடல் வெளிறலிலிருந்து இளஞ்சிவப்பாகும்; சற்று நேரத்தில் மண்புழுவைப் போல் மெல்ல அசையத் தொடங்கும். சத்திரசிகிச்சை அறையில் எல்லோரும் எதிர்பார்ப்பது அந்த அசைவைத்தான். குளிர்ந்த திரவமும் தேங்கிய நச்சும் ஒரேயடியாக இருதயத்துக்குப் போனால் இரத்த அழுத்தம் விழும் என்பதால் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் இந்த நேரத்தில் மிகவும் விழிப்பாக இருப்பார். இரத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, விட்டு, நிறுத்திப் பழக்கினால் உறுப்பு பின்னால் வரும் பெரிய அடியைத் தாங்கிக்கொள்கிறது என்று 1986இல் நாய்களின் இருதயத்தில் கண்டார்கள். குடலிலும் விலங்குகளில் அது பலித்திருக்கிறது. மனிதருக்கு வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை.

இவ்வளவும் செய்தும், மாற்றிய குடல்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை செய்பவை சுமார் பாதிதான். குடல் மாற்றம் மலிவான சிகிச்சையும் அல்ல, எளிதில் கிடைப்பதும் அல்ல. ஆகவே எமக்கு முக்கியமானது, இருக்கும் குடலை இழக்காமல் இருப்பது.

இனி எங்கள் வயிறு

ஐஸ் பெட்டியில் இருக்கும் குடலுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் கிடைக்கிறது என்று பார்த்தோம். உடம்புக்குள் முறுகிக்கொண்ட குடலுக்கு ஐஸ் இல்லை. அது 37 பாகைச் சூட்டில் கிடக்கிறது. இரத்தம் முற்றாக நின்றால் ஆறு மணி நேரமளவில், சிலவேளை அதற்கு முன்பே, திரும்ப முடியாத இடத்துக்குப் போய்விடும்.

யாருக்கு இது வரும்? வயிற்றில் முன்பு சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு முதலில். ஷெல் காயமோ, அப்பெண்டிக்சோ, சிசேரியனோ, எதற்காக வயிற்றைத் திறந்திருந்தாலும் உள்ளே ஆறும்போது குடலும் குடலும் ஒட்டிக்கொண்டு நார் போன்ற கட்டுகள் உண்டாகலாம். பத்து, இருபது ஆண்டுகள் சும்மா கிடக்கும் கட்டு ஒருநாள் குடலைச் சுற்றி இறுக்கிவிடும். காயம் பழைய கதையாகிவிட்டது, இந்த வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது குடலிறக்கம். பல பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தொப்புளில் ஒரு பிதுக்கம் இருக்கும். சிசேரியன் தழும்பில் இருக்கும். தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் சின்னதாக ஒரு கட்டி இருக்கும். இந்தக் கடைசி வகை ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. மற்றவற்றைவிட இறுகிக்கொள்ளும் ஆபத்தும் கூட. வெட்கத்தால் அதை யாருக்கும் காட்டாமல் உப்பளத்தில் கூடை தூக்குகிறோம், வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் சுமக்கிறோம். படுத்தால் உள்ளே போகும் கட்டி ஒருநாள் போகாது. கல்லாகி, தொட்டால் உயிர் போகும். அது இரத்தம் நின்றதற்கான அடையாளம். அதை அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்க வேண்டாம்.

குடல் அடைப்பின் வலி முதலில் பிரசவ வலிபோல் விட்டுவிட்டு வரும். வாந்தி வரும், வயிறு ஊதும், மலமும் காற்றும் போகாது. விட்டுவிட்டு வந்த வலி விடாமல் நின்று வலிக்கத் தொடங்கினால் குடல் பட்டினி கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் காலை வரை பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. பிறவியிலேயே குடல் சரியாக அமையாத பிள்ளைக்கு அது குடல் முறுகியதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். முதியவர்களில், விசேடமாக இருதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களில், இன்னொரு விதம் உண்டு. கையை வைத்துப் பார்த்தால் வயிறு மெதுவாகவே இருக்கும், ஆனால் அவர் வலியால் துடிப்பார். நாடி அடைபட்டால் அப்படித்தான் தொடங்கும். கிழவி நடிக்கிறாள் என்று பேசாதீர்கள்.

எங்களிடம் இருக்கும் சில பழக்கங்கள் இந்த நேரத்தில் கெடுதல். எண்ணெய் போட்டு வயிற்றைத் தடவுவது, பேதிக்குக் கொடுப்பது, ஓமத் தண்ணீரும் சோடாவும் குடிக்கவைப்பது, வலிக் குளிசையைப் போட்டுவிட்டுப் படுப்பது எல்லாம். அடைபட்ட குடலில் பேதி மருந்து அழுத்தத்தைத்தான் கூட்டும். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வெறும் வயிறாக இருப்பது நல்லது; அதனால் சாப்பாடும் பானமும் வேண்டாம். ஐஸ் பெட்டியைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். யாரும் வயிற்றின்மேல் ஐஸ் வைக்காதீர்கள். குளிர் உடம்புக்கு வெளியே இருக்கும் உறுப்புக்குத்தான். உடம்புக்குள் இருக்கும் குடலை விடுவித்ததும் வைத்தியர் செய்வது இதற்கு நேர்மாறானது. இளஞ்சூட்டுச் சேலைனில் நனைத்த துணியால் குடலைப் போர்த்திப் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருப்பார். கருநீலம் மாறி நிறம் திரும்புகிறதா, நாடி துடிக்கிறதா, குடல் அசைகிறதா என்று பார்ப்பார். திரும்பினால் வைத்துக்கொள்வார், இல்லையேல் வெட்டுவார். சந்தேகமானால் ஒன்றிரண்டு நாளில் மீண்டும் திறந்து பார்ப்பதும் உண்டு. ஆகவே இரண்டாம் முறை தியேட்டருக்குக் கொண்டுபோனால் முதல் முறை ஏதோ பிழைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். முற்றாக அழுகிய பெருங்குடல் முறுக்கை அவிழ்க்காமலே வெட்டி எடுப்பார்கள். அவிழ்த்தால் தேங்கிய நச்சு இரத்தத்தில் பாயும். லண்டன் இடிபாடுகளில் கற்ற அதே பாடம்.

கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகருக்கு 40 கிலோமீற்றருக்கும் மேல். பத்தலங்குண்டு போன்ற தீவிலிருந்து என்றால் அதற்கு முன் கடலையும் கடக்க வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய வலிக்கு விடியும்வரை காத்திருந்தாலே ஆறு மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. கணவன் கடலில், மகன் வெளிநாட்டில், தனியே எப்படிப் போவது என்று தயங்குகிறவர்கள் எம்மில் அதிகம். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்த சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இலவசமானது. அதன் இலக்கம் 1990. 1990 என்றால் எங்கள் பலருக்கு வேறு நினைவு வரும். அந்த ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளங்களில் இதே கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர்களுக்கு அந்த எண்ணை மறக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் ரெலிபோனில் அதை அம்பியூலன்ஸ் என்று பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் முதலில் இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள்: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, வயிற்றில் முன்பு என்ன சத்திரசிகிச்சை நடந்தது. இடம்பெயர்ந்தபோது நோய் அட்டைகளைத் தொலைத்தவர்கள், முகாமிலோ காட்டிலோ அவசரமாக வயிறு தைக்கப்பட்டு என்ன செய்தார்கள் என்றே அறியாதவர்கள், தழும்பைக் காட்டினால் போதும். அது எந்த ஆண்டு, உள்ளே துண்டு எதுவும் எஞ்சியிருப்பதாகச் சொன்னார்களா என்பதை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்கு வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். ஸ்கேன் எடுக்கும்போது வைத்தியர் அந்தத் தாளைக் கேட்பார்.